காலியாக விட்ட கட்டம்

சாயங்காலம் ஐந்து மணி தாண்டினால் என் கண் தானாகப் போனுக்குப் போய்விடும். ‘வெளியே வந்தாச்சு’ என்று இரண்டே வார்த்தையில் ஒரு செய்தி வரும். கீழே அம்மாவின் அட்டை எண், நேரம். அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு டீ தொண்டையில் இறங்கும். சிரிக்காதீர்கள். வீட்டிலிருந்து ஓர் ஆளைப் பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் திரி செருகுகிறாள். நான் படித்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன். விருதுநகரில் சூலக்கரைப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்து, "இனிமே போக வேண்டாம், எங்கூட வந்து இரு" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். "வந்து? நாள் பூரா உன் வீட்டுச் செவத்தையா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்ற?" என்பாள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். காலையில் உள்ளே போன ஆள் சாயங்காலம் வெளியே வரும்வரை என்ன ஏது என்று தெரியாது. முன்னெல்லாம் எங்காவது ஒரு சத்தம் கேட்டால் ஊரே ரோட்டுக்கு ஓடும். "எங்கன? எந்தக் கம்பெனி?" அதற்கப்புறம் ஒரே கேள்விதான். "வெளிய வந்துட்டாகளா?" அந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி கேட்டாலும், கோர்ட்டில் கேஸ் நடக்கிற பக்கத்து வீட்டுக்காரன் கேட்டாலும் சொல்லிவிடுவோம். எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு புரோகிராம் எழுதினார் ஒருவர். விருதுநகர் பஜாரில் கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருடைய அக்கா ஒரு வெடிவிபத்தில் போய்விட்டார். எந்த அறையில் இருந்தார் என்றே அன்று பகல் முழுக்க யாருக்கும் தெரியவில்லை. நாலு பேர் மட்டும் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "எங்க அக்கா வெளிய வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். பொழுது சாயத்தான் பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்து எழுதியதுதான் அந்தப் பெட்டி. கேட்டில் வாச்மேன் அறையில் சுவரோடு மாட்டியிருக்கும். அட்டையை வைத்து அறை எண்ணை அமுக்க வேண்டும். நாலு பேர் ஆகிவிட்டால் ஐந்தாவது ஆளை ஏற்காது, கத்தும். உள்ளே போனால் வீட்டுக்கு ஒரு செய்தி, வெளியே வந்தால் ஒரு செய்தி. ஒரு ரூபாய் வாங்காமல் கொடுத்தார். புரோகிராமையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று திறந்து போட்டார். முதல் வரியில் ‘அக்காவுக்கு’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்றே நான் சேர்ந்துகொண்டேன். ஏழெட்டுப் பேர் இருந்தோம். சம்பளம் கிடையாது, நன்றிகூட யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வேலைக்கு உட்காரும்போது எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

அண்ணாச்சி யாரையும் ஏய் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தப்பாக எழுதி அனுப்பினால் "நல்லாயிருக்கு தங்கச்சி, இந்த ஒரு எடத்தை மட்டும் பாருங்க" என்பார். எனக்குச் சென்னையில் மேலதிகாரியாக இருக்கும் மகராசனும் இருக்கிறானே! அவனை நினைத்துக்கொண்டு, மனுசன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் வேலைப் பட்டியலில் அண்ணாச்சி ஒரு குறை எழுதிப் போட்டார். கம்பெனி மாறும் சிலருடைய அட்டையில் வீட்டுப் போன் எண் காலியாகிவிடுகிறது, செய்தி போகவில்லை, அவசரம் என்று. நான்தான் முந்திக்கொண்டேன். பத்தே வரி. எண் இருக்கும் கட்டம் காலியாக இருந்தால், அதே ஆளின் பழைய பதிவில் என்ன எண் இருந்தது என்று தேடி எடுத்து அதற்கு அனுப்பு. அட்டை ஒன்றுதானே, கம்பெனி மாறினாலும் பழைய பதிவு கூடவே வரும். அரை மணி நேரத்தில் முடித்து அனுப்பினேன். ‘எந்த வீடும் செய்தியில்லாமல் காத்திருக்கக் கூடாது’ என்று கீழே ஒரு குறிப்பும் எழுதினேன். எனக்கே கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு. அண்ணாச்சி உடனே ஏற்றுக்கொண்டு, "அருமை தங்கச்சி" என்று போட்டார். அந்தக் குறிப்பை அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "அம்புட்டு அழகா எழுதுவியா நீ?" என்றாள்.

நாலைந்து மாதம் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் ஒரு படத்தைப் போட்டாள். மாவுக்கட்டுப் போட்ட கை. முகம் தெரியவில்லை. கீழே எழுதியிருந்தாள்: ‘இது அண்ணாச்சி வீட்டம்மா. ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் வைத்து நேற்று அடித்திருக்கிறார். கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. முதல் தடவை இல்லையாம். அவரை ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள்.’

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அண்ணாச்சியா? திரும்பப் படித்தேன். அண்ணாச்சிதான். அவர் மனைவியை, மதினியை, நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அண்ணாச்சியின் கடைக்குப் போனபோது காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார். அவர் ஆறு மாதத்துக்கு முன்பே பிரிந்து ஆமத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதும், கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவுக்குப் போன் போட்டேன். "அடப் பாவி! அந்த நல்ல புள்ளையா? நெசமாவா?" என்றாள்.

குழுவில் சண்டை பிடித்துக்கொண்டது. ஒருவர், ‘வீட்டுக்கு வீடு நடக்குறதுதான், நமக்கு எதுக்கு?’ என்றார். அவரை நேரில் பார்த்தால் நாலு கேட்க வேண்டும் என்று இருந்தது. படம் போட்ட பெண், ‘அவர் பேரை எடுங்கள், இல்லாவிட்டால் நான் விலகுகிறேன்’ என்றாள். இன்னொருவர், ‘முதலாளிகளுக்குத் தெரிந்தால் இதைச் சாக்கு வைத்தே பெட்டியைக் கழற்றிவிடுவார்கள்’ என்றார். அதுதான் என்னை உலுக்கியது. ஐந்தாவது ஆளை விடாத பெட்டி பல பேருக்கு ஆரம்பத்திலிருந்தே கண்ணில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. சீசன் நேரத்தில் ஆர்டர் தலைக்கு மேல் நிற்கும்போது கேட்கவே வேண்டாம். அம்மாவின் அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பது என் கண் முன்னால் வந்து நின்றது.

அப்போது நான் ஒரு நீளமான செய்தி எழுதினேன். ‘அவர் செய்தது அசிங்கம். அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆள் வேறு, ஆள் செய்த வேலை வேறு. தனிப்பட்ட விஷயத்தை வேலைக்குள் கொண்டுவர வேண்டாம். நாளைக்கு இந்தப் பெட்டி ஓர் உயிரைக் காப்பாற்றும்போது, என்னை எழுதியவர் நல்லவரா என்று அந்த உயிர் கேட்காது.’ கைதட்டுகிற படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ‘சரியாகச் சொன்னீர்கள்’ என்றார்கள். படம் போட்ட பெண் ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டுப் போய்விட்டாள். எனக்கு லேசாகச் சுருக்கென்றது, ஆனாலும் நியாயத்தைத்தானே சொன்னோம் என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரம் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஆமத்தூருக்குப் போனேன். மதினியைப் பார்த்து ஆறுதல் சொல்லத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். கம்பெனி முதலாளிகளிடம் இதைப் பெரிதாகக் கொண்டுபோக வேண்டாம், பெட்டிக்கு ஆபத்து வந்துவிடும் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளத்தான் போனேன். இதை எழுதும்போதே கூசுகிறது. எழுதாமல் விட்டால் இன்னும் கூசும்.

மதினி முன்னறையில் பாயில் உட்கார்ந்திருந்தார். வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையால் என்னை உட்காரச் சொன்னார்.

"வாங்க. அந்தக் கடைக்கு ஒருக்கா வந்திருக்கீக இல்ல? காப்பி குடிக்காம போயிட்டீக."

அது எனக்கு ஞாபகமே இல்லை. அவருக்கு ஞாபகம் இருந்தது.

கை எப்படி இருக்கிறது, எத்தனை நாள் கட்டு என்று கேட்டேன். சொன்னார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று அவர் மனசில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுதான் விளங்கல. பளைய கம்பெனிய விட்டுட்டு யாருக்கும் சொல்லாமத்தான் புதுக் கம்பெனில சேந்தேன். ரெண்டு மூணு நாளுதான். அதுக்கப்புறம் நான் பஸ்ஸ விட்டு எறங்குறேன், அந்த ஆளு ஸ்டாப்புல நிக்காரு. சரி, அஞ்சு மணின்னு தெரிஞ்சு நிக்காருன்னு, ஒரு மணி நேரம் கூட வேலை பாத்துட்டு வந்தேன். அன்னைக்கும் நிக்காரு. ஒரு நாளு தலைவலின்னு பன்னெண்டு மணிக்கே வெளிய வந்துட்டேன். வந்து எறங்குறேன், வெயிலுல வண்டிய நிப்பாட்டி அதுல உக்காந்திருக்காரு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

"யாராவது சொல்லியிருப்பாகளோ?"

"வாச்மேன்தான்னு நெனச்சேன். கேட்டுல வச்சு அவரை நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டுட்டேன். பாவம், வயசான மனுசன், புள்ளைக மேல சத்தியம் பண்ணாரு. நான் நம்பல."

எதற்கென்று தெரியாமலே கேட்டேன்.

"மதினி, புதுக் கம்பெனில அட்டைக்கு வீட்டு நம்பர் கேட்டாகளா?"

"கேட்டாக. வேண்டாம்னேன். ‘வீட்டு நம்பர் இல்லாம எப்படிம்மா? நாளைக்கு ஒண்ணுன்னா?’ன்னாரு கிளார்க்கு. ஒண்ணுன்னா ஒண்ணு ஆகிட்டுப் போகட்டும் சார், காலியா விடுங்கன்னு சொல்லி, என் கண்ணு முன்னாலதான் காலியா விட்டாரு."

பழைய கம்பெனிப் பதிவில் இருந்த எண் யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அங்கேயே போனை எடுத்து வேலைப் பட்டியலைத் திறந்தேன். அண்ணாச்சி அந்தக் குறையை எழுதிய தேதியைப் பார்த்தேன். "நீங்க புதுக் கம்பெனில எப்பச் சேந்தீக?" என்று கேட்டேன். சொன்னார். சேர்ந்து மூன்றாவது நாள் அந்தக் குறை எழுதப்பட்டிருந்தது. அவசரம் என்று. சிலருடைய அட்டை என்று. சிலர் எங்கே இருந்தார்கள்? ஒரே ஓர் ஆள்தான். பதிவுகள் அண்ணாச்சியிடம்தானே இருந்தன, மதினியின் கட்டம் காலியானதை அதில் பார்த்திருக்கிறார். அதற்குக் கீழே என் பத்து வரி. அதற்கும் கீழே என் குறிப்பு.

பெட்டியில் ஒரு வரியைக்கூட அண்ணாச்சி தன் கையால் மாற்றவில்லை. நான் மாற்றிக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீரோடு மாற்றிக் கொடுத்தேன்.

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அதுவும் உண்மை. பிறகு சொல்லிவிட்டேன். வாச்மேன் இல்லை, பெட்டிதான் சொன்னது. நீங்கள் அட்டையை வைத்துவிட்டு வெளியே வந்ததும் நேரத்தோடு அண்ணாச்சி போனுக்குச் செய்தி போயிருக்கிறது. அப்படிப் போகும்படி எழுதியது நான் என்று.

மதினி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலியா விட்டா, காலின்னுதான அர்த்தம்?" என்றார்.

"வேண்டாம்னு சொல்ற ஆளு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல மதினி. நம்ம பக்கத்துல யாரு வேண்டாம்பாக? மறந்துதான் விட்டிருப்பாகன்னு நெனச்சேன்."

"எனக்கும் தோணியிருக்காது," என்றார். "அந்த வீட்டுல இருந்து பாக்காட்டி எனக்கும் தோணியிருக்காது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எல்லாக் கம்பெனியிலும் போய் அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறேன், அந்த மனுசன் தொட்ட எதுவும் இருக்கக் கூடாது என்று கத்தினேன். நாலு நாளைக்கு முன்னால் குழுவில் நியாயம் பேசிய அதே ஆள்தான். மதினி முகத்தைச் சுளித்தார்.

"அதை எதுக்குப் பிடுங்குறீக? போன மாசம் ஆர்டர் அதிகம்னு போர்மேன் என்னைய அஞ்சாவது ஆளா வெடிமருந்து ரூமுக்குள்ள போகச் சொல்லி நின்னாரு. பொட்டி கத்து கத்துன்னு கத்துச்சு. விடவே இல்ல. பொட்டி இருக்கட்டும். எனக்கு அந்த ஆளுதான் வேண்டாம்."

பிறகு என் பையைப் பார்த்துவிட்டு, "ஏதோ கேக்கணும்னு வந்தீக போல. என்னது?" என்றார்.

"ஒண்ணுமில்ல மதினி," என்றேன். ஆப்பிளை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் பத்து வரியை அழித்தேன். காலியாக இருந்தால் காலி, யாருக்கும் அனுப்பாதே என்று எழுதினேன். ஏன் இந்த மாற்றம் என்பதையும் பேர் சொல்லாமல் எழுதினேன். ஆனால் புரோகிராம் அண்ணாச்சியுடையது. அவர் ஏற்றுக்கொண்டால்தான் பெட்டிகளுக்குப் போய்ச் சேரும். அதற்குள் ஜாமீனில் வெளியே வந்திருந்தார். மறுநாள் பதில் போட்டார். நிராகரித்திருந்தார். கீழே ஒரே ஒரு வரி: ‘தனிப்பட்ட விஷயத்தை வேலைக்குள் கொண்டுவர வேண்டாம்.’

என் வார்த்தை. புள்ளிகூட மாறாமல் என் வார்த்தை! குழுவில் நான் எழுதியதை அங்கிருந்து எடுத்து இங்கே வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு. எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன்.

பிறகு போனிலும் கூப்பிட்டார். குரல் மாறவில்லை. அதே மரியாதை, அதே தங்கச்சி.

"எங்க அக்காவுக்கு நடந்தது அவளுக்கும் நடந்துச்சுன்னா? எனக்குத் தெரிய வேண்டாமா தங்கச்சி? புருசன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

"தெரிஞ்சுக்கிட்டு என்ன செஞ்சீக அண்ணாச்சி? கையை ஒடிச்சீக."

"அது கோபத்துல நடந்தது. அது வேற, இது வேற."

நடிக்கிறார் என்றால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் நடிக்கவில்லை. அக்காவுக்காகப் பெட்டி எழுதியதும் அந்த மனசுதான், பெட்டியை வைத்து மதினியைப் பிடித்ததும் அந்த மனசுதான், இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஒரு கோடுகூடத் தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் திகீரென்கிறது.

யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தானே திறந்து போட்டார்? எடுத்தேன். முழுப் புரோகிராமையும் நகல் எடுத்து, என் திருத்தத்தைப் போட்டு, பதிவுகள் அவர் கைக்குப் போகாதபடி தனியாகப் பிரித்தேன். எழுதியவர் பெயரை நீக்கக் கூடாது என்பது நிபந்தனை. நீக்கவில்லை. ‘அக்காவுக்கு’ என்ற முதல் வரியையும் நான் தொடவில்லை. அந்த அக்கா யாரையும் அடிக்கவில்லையே.

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். என் பத்து வரியையும் சேர்த்துத்தான். கைதட்டிய பேர்களில் முக்கால்வாசி வாயே திறக்கவில்லை. இரண்டு பேர் என்னோடு வந்தார்கள். விலகிப்போன பெண்ணுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ‘சரி, எந்தக் கம்பெனிக்கு முதலில் போகிறோம்?’ என்று மட்டும் பதில் போட்டாள்.

முதலில் மதினியின் கம்பெனிக்குப் போனோம். வாச்மேன் பெட்டியைக் கழற்ற உதவிசெய்தார். நான் வேலையை முடித்து நிமிர்ந்தபோது, "அந்தப் புள்ள கையில கட்டு எப்பம்மா பிரிக்காக?" என்று கேட்டார். சொன்னேன். "நான் சொல்லலைன்னு இப்பவாவது நம்புதா?" என்றார். நம்புகிறார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துகொண்டார்.

மற்ற கம்பெனிகளில் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. "ஓடுற மெசினை எதுக்கும்மா நோண்டுறீக?" என்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் கெஞ்ச வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் நான் கெஞ்சுவதை விட்டுவிட்டுச் சண்டை போட்டேன், அங்கே உடனே வேலை நடந்தது.

கட்டுப் பிரித்து, கை ஓரளவு சரியாகி, மதினி மறுபடி வேலைக்குப் போகிறேன் என்றபோது எனக்குப் பகீரென்றது. ஆனால் சாப்பாடு யார் போடுவது? போவதற்கு முந்தின நாள் நான் கேட்டேன்.

"நம்பர் ஏதாவது போடணுமா மதினி? உங்க அம்மா நம்பர்?"

"அம்மாட்ட போன் ஏது? காலியாவே இருக்கட்டும். பதிவு உங்ககிட்டதான இருக்கு? யாரு கேட்டாலும் சொல்லாதீக."

"அண்ணாச்சி கேட்டா?"

"அந்த ஆளுக்குத்தான் சொல்லக் கூடாது."

"ஏதாவது சத்தம் கித்தம் கேட்டாக்கூடவா?"

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அன்னைக்குத்தான் முக்கியமா சொல்லக் கூடாது. அன்னைக்குத்தான் எல்லாரையும் நேரங்கெட்ட நேரத்துல வெளிய அனுப்புவாக. ஸ்டாப்புல ஆளு கம்மியா இருக்கும்."

எங்கள் பக்கத்தில் பிறந்த எனக்கு இது விளங்க அவர் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நாள் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சென்னை மகராசனோடு பேசிக்கொண்டிருந்தேன். போனில் செய்திமேல் செய்தியாக விழுந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் பெரிய சத்தம். எங்கன, எந்தக் கம்பெனி, யாருக்கும் தெரியவில்லை. பேச்சைப் பாதியில் அறுத்துவிட்டு எழுந்தேன். அம்மா அந்தப் பக்கம். மதினியும் அந்தப் பக்கம். போன் போட முடியாது. இரண்டு பேர் போனும் கேட்டில் இருக்கும். இப்படி நின்றுகொண்டே எத்தனை நிமிஷம் போனது என்று சொல்லத் தெரியவில்லை.

‘வெளியே வந்தாச்சு.’ அம்மாவின் அட்டை எண். இரண்டு நாற்பது. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே கம்ப்யூட்டரைத் திறந்து மதினியின் கம்பெனிப் பதிவைப் பார்த்தேன். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மதினி இன்னும் இல்லை. இன்னும் இல்லை. இரண்டு நாற்பத்தேழுக்கு அவருடைய எண் வந்தது.

அந்த நிமிஷமே போன் அடித்தது. அண்ணாச்சி.

"தங்கச்சி, அவ வெளிய வந்துட்டாளா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பின்னால் வண்டிச் சத்தம். நடுரோட்டில் நிற்கிறார்.

"தங்கச்சி, உங்ககிட்ட பதிவு இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒரே வார்த்தை. வந்துட்டாளா, வரலையா? வேற ஒண்ணும் கேக்கல. அன்னைக்கு எங்க அக்காவுக்கு நான் நின்ன மாதிரி என்னைய நிக்க வைக்காதீக. தாயி, உங்க அம்மாவும் அங்கனதான வேலை பாக்காக? உங்களுக்குத் தெரியும்ல இது எப்படி இருக்கும்னு?"

தெரியும். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் தரையிலிருந்து எழுந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? பதில் என் முன்னால் திரையில் இருந்தது. வந்தாச்சு என்று சொன்னால் அந்த மனுசன் மூச்சு விடுவார். சொன்னால் மதினி இன்னும் எவ்வளவு நேரத்தில் ஆமத்தூரில் இறங்குவார் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் அழுதார். நடிப்பில்லை, நிஜமாக அழுதார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. கோர்ட்டில் கேஸ் நடக்கிறவன் கேட்டாலும் சொல்லிவிடுவோம் என்று மேலே எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி," என்றேன்.

"இருக்காளா இல்லையான்னாவது..."

வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது. நான் எடுக்கவில்லை. நான்தானா இதைச் செய்தேன்?

வெடித்தது ஆள் இல்லாத குடோன், யாருக்கும் ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. அம்மா கூப்பிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையும் திட்டினேன். நான்கு மணி வாக்கில் மதினி கூப்பிட்டார். பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"அம்மா வந்துட்டாகளா?" என்றார் முதலில்.

"வந்துட்டாக."

"அந்த ஆளு கேட்டாரா?"

"கேட்டாரு. அழுதாரு மதினி."

பஸ் சத்தம் தேய்ந்து போனது.

"நான் எறங்கிட்டேன்," என்றார். "ஸ்டாப்புல யாரும் இல்ல."